தோசைக்கல்லில் வைத்த போன்

யாழ்ப்பாணத்தில் எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று அலுவலகம் கொடுத்தது. கோயம்புத்தூரில் கிணற்று மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில், பெட்டிக்குள் மோட்டாரோடு வரும் கையேட்டைத் தமிழில் எழுதுவது என் தொழில். அந்தக் கையேடு தன் ஊர் விவசாயிகளுக்குப் புரியவில்லை என்று சுன்னாகத்தில் எங்கள் மோட்டாரை விற்பவர் சொல்லியிருந்தார். எந்த இடத்தில் புரியவில்லை என்று நேரில் பார்த்து வர வேண்டும். இரண்டாவது வேலையை வதனி கொடுத்தாள். அவள் அப்பாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

வதனி திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்தவள். யுத்த காலத்தில் படகேறி வந்து, படிப்பை முடித்து, அங்கிருந்து ஒஸ்லோவுக்குப் போனவள். அவளுடைய அப்பா சோமசுந்தரம் பண்டத்தரிப்பில் தனியாக இருக்கிறார். அந்தக் காலத்தில் தனியார் பஸ் ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு கை நடுக்கம் வந்துவிட்டது. சார்ஜர் வயரைப் போனின் துளையில் பொருத்த முடியாமல் பாதி நாள் போன் அணைந்தே கிடக்கிறது என்பது வதனியின் புகார்.

“அவர் விழுந்து கிடந்தாலும் எனக்குத் தெரியாது சுமதி” என்றாள். “வயர் இல்லாமல் சார்ஜ் ஏறுற போன் வாங்கிக் குடு. மேசையிலை வைக்கிற மாதிரிச் சும்மா வைச்சாக் காணும். இதுதான் கடைசி. இதுவும் சரிவரேல்லை எண்டால் நான் லீவு போட்டிட்டு வந்து, வீட்டைப் பூட்டிப்போட்டு அவரை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்திடுவன்.”

போன் வாங்குவது சின்ன வேலை என்று நினைத்தேன்.

உடுவிலில் ஒரு வீட்டின் பின்கட்டு அறை எனக்குக் கிடைத்தது. முதல் நாள் காலையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. எங்கள் ஊரில் இடியாப்பம் என்றால் வெள்ளை, இனிப்புத் தேங்காய்ப் பால். இங்கே சிவப்பரிசி மாவு, மஞ்சள் நிறச் சொதி, கண்ணில் நீர் வரவைக்கும் சம்பல். வீட்டுக்கார அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் ஆறாவது இடியப்பத்தில் நிறுத்தியதை அவர் என் உடம்பின் குறையாக எடுத்துக்கொண்டார்.

சுன்னாகத்துக் கடைக்காரரை அழைத்து, கொஞ்சம் தாமதமாகும் என்றேன். “பரவாயில்லை, ஆறுதலா வாங்கோ” என்றார். யாருக்கு என்ன துக்கம் என்று நான் குழம்பிவிட்டேன். மெதுவாக வாருங்கள் என்று அர்த்தமாம். அங்கே போனதும், என் கையேட்டின் இரண்டாம் பக்கத்தைக் கடைக்குள் நின்ற ஒரு விவசாயி விரலால் தட்டிக் காட்டினார். ‘மழைக்காலத்தில் மோட்டாரை அணைத்து வைக்கவும்’ என்று எழுதியிருந்தேன்.

“மோட்டரை ஏன் பிள்ளை அணைக்கிறது? அதென்ன குழந்தையோ?” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நிப்பாட்டவும் என்று எழுதினால் போதுமாம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. “அதோடை, மாரியிலை மோட்டர் கதை கதைக்க வந்திருக்கிறியள். இப்ப ஆர் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறது?” என்றார் இன்னொருவர்.

மாலையில் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் வரிசையாகப் போன் கடைகள். கூட்டம் குறைவாக இருந்த ஒன்றில் நுழைந்தேன். நிரோஜா என்ற இளம்பெண் நின்றாள். வயதானவர், கை நடுக்கம், தனியாக இருக்கிறார் என்று சொன்னதும் இரண்டு போன்களை எடுத்து வைத்தாள். ஒன்று கனமானது, கையில் வாங்கினால் செங்கல் துண்டு போலிருந்தது. மற்றது மெல்லியது, முதுகு கண்ணாடி மாதிரி வழவழத்தது. அதோடு ஒரு வட்டத் தட்டு.

“அக்கா, இந்தப் பாரமானதிலை பெரிய பற்றரி. ஒருக்கா ஏத்தினா ரண்டு நாள் நிக்கும். ஆனா வயர்தான் குத்தோணும். மற்றது தட்டிலை வைச்சாச் சரி, வயர் தேவையில்லை. ஆனா பற்றரி சின்னன், ஒவ்வொரு நாளும் வைக்கோணும்.”

நான் கையேடு எழுதுகிறவள். ஒரு பொருளின் நல்லதையும் கெட்டதையும் இவ்வளவு குறைந்த சொற்களில் நான் எழுதியதில்லை. தட்டுக்குள் ஒரு செப்புக் கம்பிச் சுருள், போனின் முதுகுக்குள் இன்னொன்று. இரண்டும் நேருக்கு நேர் இருந்தால் சார்ஜ் ஏறும். ஒரு விரல் அகலம் விலகினாலும் ஏறாது. வயரை விட மெதுவாக ஏறும், கொஞ்சம் சூடாகும், அந்தச் சூடு நாளடைவில் பேட்டரிக்கு நல்லதல்ல. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். வதனிக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“அவற்றை கையைப் பார்த்திட்டு நீயே சொல்லு” என்றாள். நான் இன்னும் அவர் கையைப் பார்க்கவில்லை என்றேன். “அப்ப நான் சொல்லுறன். வயர் இல்லாதது.”

மெல்லியதையே வாங்கினேன்.

மறுநாள் மதியம் பண்டத்தரிப்புக்குப் பஸ் ஏறினேன். மானிப்பாய் தாண்டி ஓரிடத்தில் பஸ்ஸை நிறுத்தி, நடத்துனர் இறங்கி, நான்கு தேங்காய் மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். யாரும் முணுமுணுக்கவில்லை. கோவையில் இதே காரியம் நடந்திருந்தால் இரண்டு பேராவது வீடியோ எடுத்திருப்பார்கள். பின் இருக்கையில் ஒரு பெண் போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். “சார்ஜ் இல்லை, சார்ஜ் இல்லை எண்டு சொல்லிக்கொண்டு நீ கதைக்கிறதிலைதான் சார்ஜ் முடியுது. வை போனை!” அந்தப் பக்கத்தில் இருந்தவர் வைத்ததாகத் தெரியவில்லை.

சோமசுந்தரம் ஒழுங்கையின் முனைக்கே வந்து குடையோடு நின்றார். ஒழுங்கை என்பது இரண்டு பக்கமும் வேலியோடு ஓடும் சின்னத் தெரு. உயரமான மனிதர். இடுப்பில் வெள்ளைச் சாரம், மடித்துவிட்ட சட்டைக் கை. குடையின் விளிம்பு தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. காற்று என்று நினைத்தேன். அவர் கை.

“வணக்கம் அங்கிள்” என்றேன்.

“உந்த அங்கிள் வேண்டாம் பிள்ளை. மாமா எண்டு சொல்லும். உள்ளுக்கு வாரும், நனையாதையும்.”

தேநீர் அவரே போட்டார். எனக்கு நிறைந்த கோப்பை, அவருக்கு அரைக் கோப்பை. நிறைத்தால் சிந்திவிடும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பாலில்லாத தேநீரைக் குடித்தோம். பழைய போனைக் காட்டினார். சார்ஜர் துளையைச் சுற்றிப் பூனை பிறாண்டியது போல் கீறல்கள். வதனி சொன்னது உண்மைதான் என்று அந்தக் கீறல்களே சொல்லின.

புதிய போனை எடுத்து, தட்டை மேசையில் வைத்து, ஒரு முறை செய்து காட்டினேன். போனை வைத்ததும் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

“அவ்வளவுதானோ?” என்றார்.

“அவ்வளவுதாங்க மாமா.”

“வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லையோ?”

“ஒண்ணுமே வேண்டாங்க. வைக்கறது மட்டுந்தான்.”

அவர் முகத்தில் சந்தோஷத்தை எதிர்பார்த்தேன். பஸ்ஸைத் தவறவிட்டவர் போல அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தோசைக்கல்லு மாதிரிக் கிடக்கு” என்றார்.

அவரே வைத்துப் பார்த்தார். கை ஆடியதில் போன் ஓரத்தில் போய் நின்றது. விளக்கு எரியவில்லை. இரண்டாவது முறையும் அப்படியே. சமையலறையிலிருந்து போன் அளவுக்கான ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து, அடியைத் துளைத்து வயரை வெளியே விட்டு, தட்டை உள்ளே பதித்தேன். இனிப் போனை எப்படிப் போட்டாலும் பெட்டியின் சுவர்கள் அதைச் சரியான இடத்துக்குத் தள்ளிவிடும். அடுத்த முறை அவர் வைத்ததும் விளக்கு எரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. “கெட்டிக்காரி” என்றார் அவர், அதிக உற்சாகம் இல்லாமல்.

நான் அங்கே இருந்த நேரத்துக்குள் வதனி மூன்று முறை வீடியோவில் வந்துவிட்டாள். மருந்துப் பெட்டியைக் காட்டச் சொன்னாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அவர் கொட்டாவி விட்டதும், இரவு நித்திரை கொள்ளவில்லையா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் “ஓம் வதனி, ஓம் பிள்ளை” என்று பதில் வந்தது. மகளிடம் இவ்வளவு பொறுமையான தகப்பனை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் சுன்னாகத்துக் கடையில் உட்கார்ந்து என் கையேட்டில் இருபது சொற்களாவது மாற்றினேன். மதியச் சாப்பாட்டுக்கு நண்டுக் கறி. முருங்கை இலை போட்டுக் குழம்பு கறுப்பாக இருந்தது. இரண்டு கையாலும் ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது வதனி அழைத்தாள்.

“அப்பான்ரை போன் ஓஃப். நான் எழும்பினதிலை இருந்து எடுக்கிறன், ஓஃப். நீ தோசைக்கல்லு எண்டு சொன்னியே, அதிலை வைச்சும் எப்பிடி ஓஃப் ஆகும்? சுமதி, நீ ஒருக்காப் போய்ப் பார்.”

கை கழுவிவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் குருநகர்க்காரர், கண்ணாடிக்கு மேலே சின்ன மாதா படம் ஒட்டியிருந்தார். அவசரம் என்றதும் மழையில் பறந்தார். சண்டிலிப்பாய்க்கு அருகே தெருவோரத் தண்ணீரில் இறங்கிய ஆட்டோ இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது.

“எஞ்சினுக்குள்ளை தண்ணி போட்டுது அக்கா. காயோணும்” என்றார். வானத்தைப் பார்த்தேன். இன்று எதுவும் காய்வதாகத் தெரியவில்லை. அவரே தெருவில் இறங்கி, வந்துகொண்டிருந்த ஓர் உழவு மெஷினை, அதாவது டிராக்டரை, மறித்து, “இவவுக்கு ஒரு அவசரம், பண்டத்தரிப்பிலை இறக்கி விடுங்கோ அண்ணை” என்றார். பின்னால் பூட்டிய பெட்டியில் வாழைக்குலைகள். அவற்றுக்கு நடுவில் ஒரு யூரியாப் பையைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். நடந்து போனவர்கள் எங்களை முந்தவில்லை என்பது மட்டுமே ஆறுதல். இது எங்கள் ஊர் ஆறுதல். வழி முழுவதும் வதனி செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். அவற்றைத் திறக்க எனக்குத் துணிவில்லை.

வீடு சாத்தியிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவைத் தள்ளினேன். படுக்கை காலி. சமையலறை காலி. குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. அதற்குள் எட்டிப் பார்க்கும் முன் ஒரு நொடி நின்றேன். அங்கேயும் யாரும் இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. விறாந்தையில் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். முன்னூற்றி நாலு என்று ஒரு ஆட்டம். சோமசுந்தரத்தின் முன்னால் ஒரு மரத்துண்டு. அதன் நடுவில் வெட்டிய பள்ளத்தில் சீட்டுகளைச் செருகி வைத்திருந்தார், கையில் பிடிக்க வேண்டியதில்லை.

“என்ன பிள்ளை, உப்பிடி நனைஞ்சு வந்து நிக்கிறீர்?”

காலையிலிருந்து அந்தப் பகுதியில் மின்சாரம் இல்லையாம். லைன் வேலை. மாலையில்தான் வருமாம், முன்பே சொல்லியிருந்தார்களாம். பெட்டிக்குள் போன் சரியான இடத்தில் கிடந்தது, விளக்கு எரியவில்லை. முந்தைய நாள் மாலை படுக்கையில் பாட்டுக் கேட்டதில் சின்னப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார். இரண்டு நாள் தாங்கும் செங்கல் துண்டை வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

என் போனிலிருந்து வதனியை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். அப்பா நன்றாக இருக்கிறார், சீட்டு விளையாடுகிறார் என்று நான் சொன்னதும் அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“முடிஞ்சுது” என்றாள். “நான் லீவு போடுறன். வீட்டைப் பூட்டுவம் அப்பா. இனி என்னாலை ஏலாது.”

சோமசுந்தரம் கையிலிருந்த ஒரு சீட்டைக் கீழே வைத்தார். மற்ற மூவரும் தங்கள் சீட்டுகளைப் பார்த்தார்கள். யாரும் ஆட்டத்தைத் தொடரவில்லை.

கடையில் கேட்டு நாளைக்குப் போனை மாற்றிவிடலாம், அதுவரைக்கும் பொறு என்று வதனியிடம் கெஞ்சினேன். அவள் போனை வைத்துவிட்டாள். நான் மாற்றப் போகிறேன் என்றதும் சோமசுந்தரம், “நானும் வாறன்” என்றார்.

நான்காம் நாள் மழை விட்டிருந்தது. பண்டத்தரிப்பிலிருந்து இருவரும் பஸ் ஏறினோம். ஓட்டுநர் அவரைக் கண்டதும் எழுந்திருக்காத குறையாகத் தலையாட்டி, முன் இருக்கையைக் காலி செய்து கொடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் சோமசுந்தரத்தின் வலது கால் தரையை அழுத்தியது. அவருக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன்.

சண்டிலிப்பாய் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

“பிள்ளை, ஒண்டு சொல்லுறன். வதனிக்குச் சொல்லுறதோ விடுறதோ உம்மடை விருப்பம். கை நடுங்கிறது மெய். வயர் குத்தக் கஷ்டம் எண்டதும் மெய். ஆனா ஏலாமல் இல்லை. ஆறுதலா இருந்து குத்தினா நாலாம் தரம், ஐஞ்சாம் தரம் போகும். கன நாள் நான் குத்துறேல்லை.”

“ஏனுங்க மாமா?”

“போன் செத்துக்கிடந்தா எனக்கு ஒரு பின்னேரம் மிஞ்சும். அவள் காலமை எழும்பினா எடுப்பாள். ரெயினிலை எடுப்பாள். வேலையிலை தேத்தண்ணி குடிக்கேக்கை எடுப்பாள். சீட்டு விளையாடேக்கை எடுத்து, என்ன செய்யிறியள், காட்டுங்கோ எண்டுவாள். காட்டினா என்ரை சீட்டு எல்லாருக்கும் தெரியும்.” பிறகு, “நேற்றும் அப்பிடித்தான். கரண்ட் நிக்கும் எண்டு எனக்கு முதலே தெரியும். முதல் நாளே உதிலை வைச்சிருக்கலாம். வைக்கேல்லை” என்றார்.

வாழைக்குலைகள் நடுவில் உட்கார்ந்து போனது நினைவுக்கு வந்தது. கோபப்படலாமா என்று யோசித்தேன். கோபம் வரவில்லை.

“நீர் நல்ல எண்ணத்திலைதான் வாங்கிக்கொண்டு வந்தனீர்” என்றார். “ஆனா பாரும், வயர் குத்தேலாது எண்டு ஒருத்திக்குச் சொல்லலாம். உந்தத் தோசைக்கல்லிலை வைக்கேலாது எண்டு ஆருக்குச் சொல்லுறது?”

வதனியின் பயத்தை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று மானிப்பாய் வரும்வரை தயங்கினேன். பிறகு சொன்னேன். “மாமா, அவ எதுக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேங்கறான்னு தெரியுமா?”

“கை ஏலாது எண்டு.”

“இல்லீங்க. நீங்க போனை எடுக்காததுனால. நேத்து நான் வந்து சேர்ற வரைக்கும், நீங்க எங்கயோ விழுந்து கிடக்கறீங்கன்னே நினைச்சுட்டு இருந்திருக்கா. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நினைக்கறா.”

“விழுந்து கிடக்கிறன் எண்டோ?”

“ஆமாங்க. நானும் உங்க குளியலறைக் கதவுகிட்ட ஒரு நிமிஷம் அப்படித்தான் நின்னேன்.”

அதற்குப் பிறகு டவுன் வரும்வரை வளைவுகளில் அவருடைய கால் தரையை அழுத்தவில்லை.

நிரோஜா முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்து, கீறல் இல்லாததால் மாற்றித் தருவதாகச் சொன்னாள். சோமசுந்தரம் கனமான போனைக் கையில் வாங்கி எடை பார்த்தார். “இது ரண்டு நாள் நிக்குமோ?”

“வடிவா நிக்கும் ஐயா.”

“அப்ப ரண்டு நாளைக்கு ஒருக்காத்தானே நான் வயரோடை மல்லுக்கட்டோணும். இதையே தாரும்.”

நிரோஜா யோசித்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்து வந்தாள். அதில் நகம் அளவு ஒரு துண்டும், முனையில் காந்தம் வைத்த ஒரு வயரும் இருந்தன. “ஐயா, இந்தத் துண்டை இப்பவே ஓட்டையிலை குத்தி விடுறன். பிறகு எடுக்கத் தேவையில்லை. வயரைக் கிட்டக் கொண்டுபோனாக் காந்தம் தானா இழுத்துப் பிடிக்கும்.”

அவர் முயன்றார். வயரின் முனை அவர் கையில் அங்குமிங்கும் ஆடி, போனை நெருங்கியதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. மறுபடி இழுத்து, மறுபடி ஒட்டவைத்தார். இன்னொரு முறையும் செய்தார்.

“இத ஏம்மா முதல் நாளே காட்டல?” என்றேன்.

“நீங்கள் வயர்லெஸ்தானே அக்கா கேட்டனீங்கள்” என்றாள் நிரோஜா.

கடையை விட்டு இறங்கப் போனவர் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். புதிய போனை என்னிடம் நீட்டி, “வதனியை எடும்” என்றார். எடுத்துக் கொடுத்தேன். ஒஸ்லோவில் அப்போது காலை, ஆனால் அவளுக்குப் பின்னால் ரயில் ஜன்னல் இருட்டாக இருந்தது. கழுத்துவரை கம்பளித் துணி சுற்றியிருந்தாள்.

“வதனி, நான் கடையிலை நிக்கிறன். போன் மாத்தியாச்சு. ஒண்டு சொல்லோணும். என்ரை போன் செத்துக் கிடந்தது என்ரை கையாலை மட்டும் இல்லை. நான் வேணுமெண்டுதான் விட்டனான்.”

திரையில் அவள் முகம் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டது என்று நினைத்தேன். அவள் பின்னால் ஒருவர் பையோடு கடந்து போனார்.

“நான் உங்களுக்குக் கரைச்சலோ அப்பா?”

“தொல்லை எண்டில்லை. நீ எடுக்கேக்கை சோதினைக்கு இருக்கிற மாதிரிக் கிடக்கு. மருந்தைக் காட்டு, சோத்தைக் காட்டு. எத்தினை தரம் எடுத்தாலும் உன்ரை கதை ஒண்டும் நீ சொல்லுறேல்லை. நீ அங்கை என்ன வேலை செய்யிறாய் எண்டே எனக்கு வடிவாத் தெரியாது.”

நிரோஜா கண்ணாடி அலமாரியைத் துடைக்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

“நேற்று நான் வேலையிலை இருந்து அழுதனான்” என்றாள் வதனி.

“இப்பதான் தெரியும். சுமதி சொன்னவ.” போன் அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்தார். “இனி நீ எடுக்காதை. ஒவ்வொரு நாளும் காலமை நான் உனக்கு எடுக்கிறன்.”

“நீங்கள் எடுக்கமாட்டியள்.”

“எடுப்பன்.”

“எடுக்காட்டி?”

“எடுக்காட்டி நீ வந்து வீட்டைப் பூட்டு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, கம்பளியைச் சரி செய்தாளா என்று தெரியவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள். சோமசுந்தரம் எனக்கு ரோல்ஸும் தேநீரும் வாங்கித் தந்தார். அவர் தனக்கு எதுவும் வாங்கவில்லை. நான் அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது, போனைச் சட்டைப் பைக்குள் வைத்து மேலே கையால் பொத்திக்கொண்டிருந்தார். அவர் கை அங்கேயும் அமைதியாக இல்லை.

ஐந்தாம் நாள் காலை பலாலி விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். சின்ன நிலையம், கோவையின் பெரிய கல்யாண மண்டபத்தை விடச் சின்னது. என் பக்கத்தில் ஒரு குடும்பம் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து, மிளகாய்த் தூள் பொட்டலங்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தது. என் போன் ஒலித்தது. வதனி. எடுக்க எனக்குத் தயக்கமாக இருந்தது.

“அப்பா எடுத்தவர்” என்றாள்.

“எப்போ?”

“அவருக்கு விடிய முதல். எனக்கு நடுச்சாமம். அந்த நேரத்திலை அப்பான்ரை நம்பர் அடிக்குது. ஆரோ பக்கத்து வீட்டுக்காரர்தான் அவற்றை போனிலை எடுக்கினம் எண்டு நினைச்சன். ‘அப்பா, என்னப்பா?’ எண்டு கத்தினன். ‘ஒண்டும் இல்லை, எழும்பிட்டன், எடுத்தனான்’ எண்டார்.”

“அப்புறம்?”

“பிறகு என்ன, நான் எழும்பி இருந்து என்ரை கதையைச் சொன்னன். என்ன வேலை, ஆரோடை சண்டை, ஏன் போன மாதம் சம்பளம் குறைஞ்சது, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர். பால் போத்தலிலை வாறதோ பெட்டியிலை வாறதோ எண்டெல்லாம் கேட்டார். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. இப்ப வேலைக்கு வெளிக்கிடுறன்.”

விமானத்துக்கு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “உங்க ஊர்ல அப்ப நடுராத்திரின்னு அவர்கிட்ட சொன்னியா?” என்று கேட்டேன்.

“இல்லை” என்றாள் வதனி. “நீயும் சொல்லிப்போடாதை.”